வைத்தியர் ஜெரோம் லெஜூன்: ஒரு நினைவுரை

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசுவாசத்தையும் வைத்தியத்தையும் ஒருங்கே வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நான் தெரிந்தெடுத்தவர் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜெரோம் லெஜூன். 1926இல் பாரிஸ் நகருக்கு அருகே பிறந்தவர். பாரிஸில் வாழும் எமது பழைய மாணவிகளுக்கு நெக்கேர் சிறுவர் வைத்தியசாலையைத் தெரிந்திருக்கும். அவர் நீண்ட காலம் நோயாளர்களைப் பார்த்தது அங்குதான்.

மனிதரின் ஒரு கலத்தில் 46 நிறமூர்த்தங்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்த எவருக்கும் இது மனப்பாடம். ஆனால் 1956 வரை பாடநூல்கள் 48 என்றே சொல்லிவந்தன. அந்த ஆண்டு சுவீடனில் ஆய்வு செய்த இருவர்தான் எண்ணிக்கையைத் திருத்தினார்கள். இதன்பின் மூன்று வருடங்கள் முடிவதற்குள், 1959 ஜனவரியில், பாரிஸிலிருந்து ஒரு சிறு கட்டுரை வந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் கலங்களில் 47 இருக்கின்றன என்றது அது. இருபத்தோராவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று. கட்டுரையின் முதற்பெயர் லெஜூன்.

அந்த ஒன்று கூடுதல் என்ற செய்தி ஆய்வுகூடத்துக்கு வெளியே என்ன செய்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதற்கு முன்பு இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் பெற்றோரின் ஒழுக்கத்தில் சந்தேகம் விழும். தகப்பனுக்கோ தாய்க்கோ பாலியல் நோய் இருந்திருக்கும் என்பார்கள், குடி என்பார்கள். வைத்தியர்களும் அப்படி நினைத்த காலம் இருந்தது. நோய்க்கு வைத்திருந்த பெயரும் ஓர் இனத்தையே இழிவுபடுத்துகிற பெயர். 1866இல் இதை விவரித்த டவுன் என்ற ஆங்கில வைத்தியர் இந்தப் பிள்ளைகளை மொங்கோலியருக்கு ஒப்பிட்டதால் வந்த வினை அது. 47 என்ற எண் இந்தக் கதைகளையெல்லாம் பொய்யாக்கியது. பெரும்பாலான வேளைகளில், கரு முட்டை உருவாகும்போது ஒரு சோடி நிறமூர்த்தம் பிரியாமல் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். யாரும் எதையும் செய்ததால் வருவதல்ல. தாயின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்புக் கூடும்: முப்பது வயதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று, நாற்பதில் நூற்றில் ஒன்று. ஆனால் வயது குற்றமில்லையே!

எங்கள் ஊரிலும் இந்தக் குற்றப்பத்திரிகை வேறு வடிவத்தில் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிரகணத்தில் வெளியே போனாளாம், கூடாத இடத்துக்குப் போனாளாம், அவள் வீட்டுப் பரம்பரையில் ஏதோ இருக்குதாம். கிளினிக்கில் மாமியார் முன்னால் இருந்து பேசுவார். தாய் பின்னால் நின்று தலையைக் குனிந்திருப்பாள். அந்த நேரம் நான் ஒரு தாளை எடுத்து 23 சோடிகளையும் கீறி, இருபத்தோராவது இடத்தில் மூன்றாவது கோட்டைப் போட்டுக் காட்டுவேன். பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை அது. ஆனாலும் அந்தத் தாய் நிமிர்ந்து பார்ப்பாள். பிறகுதான் இருதயத்தைப் பற்றிப் பேசலாம் (இந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும்), தைரொயிட்டைப் பற்றியும் பேச்சுப் பயிற்சியைப் பற்றியும் பேசலாம்.

இனி, பெண்கள் பாடசாலையில் நின்றுகொண்டு சொல்லாமல் விட முடியாத ஒன்று. அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் மார்த் கோத்தியே. சிறுவர் வைத்தியர், லெஜூனைவிட ஒரு வயது மூத்தவர். அமெரிக்காவில் பொஸ்டன் நகரில் ஒரு வருடம் இருந்தபோது கலங்களை வளர்க்கும் முறையைக் கற்று வந்தார். பாரிஸ் துரூசோ வைத்தியசாலையில் அதற்கான ஆய்வுகூடத்தை ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உருவாக்கியவர் அவரே. கடன் வாங்கிக் கண்ணாடிப் பாத்திரங்கள் வாங்கியதையும், சேவல் ஒன்றை வளர்த்து அதன் இரத்தத்தைப் பயன்படுத்தியதையும், மனித சீரத்துக்குத் தன் இரத்தத்தையே எடுத்ததையும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். படம் எடுக்கும் நுணுக்குக்காட்டி அங்கு இருக்கவில்லை. கண்ணாடித் தகடுகளைப் படம் எடுப்பதற்காக லெஜூன் கொண்டுபோனார். கட்டுரை வந்தபோது கோத்தியேயின் குடும்பப் பெயர் பிழையாக அச்சாகியிருந்தது.

யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. லெஜூனின் பக்கத்தார் அவருடைய குறிப்புகளையும் கடிதங்களையும் காட்டுகிறார்கள். 2014இல் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு, கோத்தியேயின் தொழில்நுட்பம் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு நடந்திராது என்றும், தொடக்கத்தில் லெஜூனின் பங்கு மேலோங்கியிருக்க வாய்ப்பில்லை என்றும் கருத்துத் தெரிவித்தது. இதை வாசித்த பிறகும் லெஜூனை நான் மதிக்கிறேன். ஆனால் நல்லவர் ஒருவரை நினைவுகூருவதற்காக ஒரு பெண்ணின் உழைப்பை மறைக்க வேண்டியதில்லை.

அவரை நான் மதிப்பது கண்டுபிடிப்புக்குப் பிறகு அவர் செய்ததற்காக. 1964இல் பாரிஸ் மருத்துவ பீடத்தில் அவருக்காக மரபியல் பேராசிரியர் பதவி ஒன்றே உருவாக்கப்பட்டது. இனி ஆய்வுகூடமே போதும் என்று இருந்திருக்கலாம். அவர் நோயாளர்களை விடவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பிள்ளையோடு முதலில் பேசுவார் என்று பெற்றோர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். நேரம் இல்லாத கிளினிக்கில் இது எவ்வளவு கடினம் என்று இங்கிருக்கும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் தெரியும். மருந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கடைசிவரை தேடினார். கிடைக்கவில்லை.

வீட்டில் அவர் வேறு ஆளல்ல. மனைவி பிர்த் டென்மார்க் நாட்டவர். 1952இல் அங்கேயே திருமணம். ஐந்து பிள்ளைகள். கோடை விடுமுறைக்கு மனைவியும் பிள்ளைகளும் டென்மார்க் போக, இவர் பாரிஸில் வேலை செய்துகொண்டு நாள்தோறும் மனைவிக்குக் கடிதம் எழுதுவார். வெளிநாட்டுப் பயணங்களிலும் அப்படித்தான். அந்தக் கடிதங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கணவன் ஒரு நாட்டிலும் குடும்பம் இன்னொரு நாட்டிலுமாக வாழ்ந்த எங்களில் எத்தனையோ பேருக்கு ஒரு கடிதத்தின் பெறுமதி தெரியும்.

தன் கண்டுபிடிப்பே ஒரு நாள் இந்தப் பிள்ளைகளைக் கருவிலேயே இனங்கண்டு அகற்றப் பயன்படும் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்தார். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் மரபியலாளர்கள் அவருக்கு உயர்ந்த விருது ஒன்றை வழங்கினார்கள். அந்த மேடையிலேயே அதை எதிர்த்துப் பேசினார். அதன் பிறகு தொழில் வட்டாரத்தில் பலர் அவரை ஒதுக்கினார்கள். இந்த மண்டபத்திலும் இந்த விடயத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்காது. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அழும் தாய்மாரைப் பார்த்தவள் நான். அவர்களிடம் எவரும் குரலை உயர்த்துவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் விருது தருபவர்களைப் பகைக்க நேரும் என்று தெரிந்தும், தன் நோயாளர்களுக்காக எழுந்து பேசிய வைத்தியர்கள் மிகச் சிலரே.

1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அமைத்த வாழ்வுக்கான கழகத்துக்கு அவரை முதல் தலைவராக நியமித்தார். அப்போது அவருக்கு நுரையீரல் புற்றுநோய். சில வாரங்களில், ஏப்ரல் 3ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று காலமானார். நோத்ருதாம் பேராலயத்தில் நடந்த இறுதித் திருப்பலியில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் ஒலிவாங்கிக்கு வந்து நன்றி சொன்னார். டவுன் சின்ட்ரோம் உள்ளவர். அவர் பெயரில் பாரிஸில் பின்னர் திறக்கப்பட்ட நிலையத்தில் இன்று நரைத்த தலைகளையும் காணலாம். வசதியுள்ள நாடுகளில் இவர்கள் இப்போது அறுபது வயதுவரை வாழ்கிறார்கள்.

2021 ஜனவரியில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அன்று மார்த் கோத்தியே 95 வயதில் உயிரோடிருந்தார். மறு ஆண்டு காலமானார். மாணவ வைத்தியர்களுக்கு 47ஐப் பற்றிக் கற்பிக்கும்போது இரண்டு பெயர்களையும் பலகையில் எழுதுகிறேன், கோத்தியேயின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல்.