கதிரவனுக்கு எதிராக ஒரு கவசம்



நிழலற்ற இமயப் பாறைகளிலும் லைக்கன்கள் செழிக்கின்றன. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் இவ்வினத்தைச் சேர்ந்ததே நம் சமையலறைக் கல்பாசி. மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் உஸ்னியாவில் உள்ள உஸ்னிக் அமிலம் 1844இல் பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சை உண்டாக்கும் இப்பொருள் புறஊதாக் கதிர்களை உறிஞ்ச வல்லது. நம் தோலைக் காக்கும் களிம்புகளுக்கும் இது உதவுமா என்று அறிவியலார் ஆராய்கின்றனர்.

எனினும், இயற்கைப் பொருள் என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. உஸ்னிக் அமிலம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அது கலந்த உடல் இளைக்கும் மாத்திரைகளை உட்கொண்டோரின் கல்லீரல் பழுதுற்றதால், 2001இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

மற்றொன்று: பல லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. ஒரே நாளில் சுரண்டி எடுத்ததை மீண்டும் பெறப் பல்லாண்டுகள் ஆகும். உத்தராகண்டில் லைக்கன் திரட்டிப் பிழைக்கும் குடும்பங்களே முதலில் வாழ்விழக்கும்.

ஆகவே, காட்டை வெறுமையாக்காமல் பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வழியை நாட வேண்டும். பயன் கிட்டுமாயின், அதில் அம்மக்களுக்கும் நியாயமான பங்கு சேர வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.