வண்டிச் சோதனையும் ஓட்டுநர் உரிமையும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் முன்னோருட் பலர் பாரவண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள். அவர்தம் பேரர் இன்று லாரியும் வாடகைக் காரும் ஓட்டுகின்றனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு மோட்டார்ச் சட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வேலை வந்தவாற்றைக் கூறுவோம்.

எம்மிடம் பயின்ற நம் இளைஞரொருவர் மூன்று திங்களுக்கு முன் காய்கறி ஏற்றிய சிறு வண்டியுடன் இரவில் வரும்போது போலீஸார் நிறுத்தினர். லைசென்ஸ் முதலியவற்றைக் காட்டினார், குறையொன்றும் இல்லை. பின்னர் மூட்டைகளை இறக்கி அவிழ்த்துப் பார்த்தனர், ஒன்றும் அகப்படவில்லை. முடிவில் வெறுந்தாளொன்றிற் கையொப்பமிடச் சொன்னார்கள், இட்டுவிட்டார். அத்தாளில் என்ன எழுதப்பட்டதோ என்று இன்றளவும் அவருக்கு உறக்கமில்லை. அவருக்குப் புணர்ச்சி விதிகளையெல்லாம் கற்பித்த யாம், எழுத்தில்லாத தாளிற் கையொப்பமிடலாகாது என்பதைக் கற்பிக்கவில்லை.

இக்குழப்பத்திற்கு ஒரு சொல்லும் காரணமாயிற்று என்பது எம் கருத்து. ஆவணங்களைப் பார்ப்பதையும் ‘சோதனை’ என்கிறோம். மூட்டையை அவிழ்ப்பதையும் ‘சோதனை’ என்கிறோம். சட்டமோ இவற்றை வெவ்வேறு செயல்களாகவே கொள்கிறது.

ஆவணங்களைக் கேட்பதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவின்படி, சீருடை அணிந்த போலீஸ்காரர் எவர் கேட்பினும் லைசென்ஸைக் காட்டியே ஆகவேண்டும். சீருடை என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்க. பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் முதலியனவும் காட்டத்தக்கனவே. 2018-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் இவற்றைக் கைப்பேசியிலும் காட்டலாம். கையிலில்லாதவற்றைப் பதினைந்து நாளுக்குள் காட்டுவதற்கும் விதியில் இடமுண்டு.

மூட்டையை அவிழ்ப்பது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பெயர் நம் நாவுக்கு எளிதன்று, என் செய்வது!) ‘இடம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து வீடு, கட்டடம், கூடாரம் இவற்றோடு வண்டியையும் கலத்தையும் சேர்த்திருக்கிறது. உரையாசிரியர் ஒருவர் எழுதியதுபோல் அமைந்த இவ்வரையறையை யாம் பன்முறை படித்து மகிழ்ந்தோம். குற்றமொன்றைப் புலனாய்வு செய்யும் அதிகாரி இடமொன்றைச் சோதிக்க விரும்பின், தாம் நம்புவதற்குரிய காரணத்தையும் தேடும் பொருளையும் முன்னரே எழுதிவைத்தல் வேண்டும் என்பது 185-ஆம் பிரிவு. அவ்வூரார் இருவரேனும் சாட்சியாக நிற்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் ஒரு பிரதியை உரியவருக்குத் தருதல் வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதித்தல் வேண்டும். இவையனைத்தையும் ஒலி, ஒளிப் பதிவு செய்தல் வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு. வெறுந்தாள் இவற்றுள் எங்கே வருகிறது?

போதைப்பொருட்குத் தனிச் சட்டம் உண்டு. அதன்படி, தக்க ஐயமிருப்பின் வழியிலேயே வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். உடலைச் சோதிக்கப் புகுந்தால், மாஜிஸ்டிரேட்டு அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையிற் சோதிக்குமாறு கேட்கும் உரிமை அதன் 50-ஆம் பிரிவில் உள்ளது. ஆனால் கையிலுள்ள பைக்கு அவ்வுரிமை செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2005-இல் தீர்ப்பளித்தது. இதனைச் சிலர் மாற்றிச் சொல்லித் திரிகின்றனர், நம்பற்க.

அபராதம் பற்றி ஒரு சொல். அவ்விடத்திலேயே கட்டுவது நம் விருப்பம். குற்றமில்லை என்று கருதுவோர் கோர்ட்டில் வழக்காடலாம். கட்டினால் ரசீது பெறுக.

போலீஸாரைப் பகைக்குமாறு யாம் கூறவில்லை. குடித்து ஓட்டுவோனையும் திருடிய வண்டியையும் அவர்கள் பிடிப்பதனாலேயே நம் பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர். நிறுத்தச் சொன்னால் நிறுத்துக. மூட்டையை அவிழ்க்க வந்தால் கையைப் பிடித்துத் தடுக்கற்க. ‘என்ன காரணம் ஐயா? பதிவு செய்கிறீர்களா?’ என்று பணிவுடன் வினவுவதில் குற்றமில்லை. வினவியதை நாளும் நேரமுமிட்டு அன்றே எழுதிவைப்பது நலம்.

அவ்விளைஞர் இப்பொழுது பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தாம் ஒப்பமிட்டது வெறுந்தாள் என்றும், அதனைத் திருப்பித் தருமாறும் போலீஸ் மேலதிகாரிக்கு அவரே மனு எழுதியிருக்கிறார். சந்திப்பிழை இரண்டு இருந்தன, திருத்திக் கொடுத்தோம். திங்கட்கிழமை காலை நம் சங்கத்து வக்கீலும் யாமும் அவருடன் செல்கிறோம்.