நிறைந்த டேங்கும் காலி டேங்கும்

(விருதுநகரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்டார் காரின் பெட்ரோல் டேங்க். இது பொதுக்கூட்டத்தில் பேசுகிற விஷயமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். முன்னெல்லாம் தபால் கார்டில் ஒன்று வரும். "இன்ன சாமி இன்ன இடத்தில் தோன்றினார், இதைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பு, அனுப்பாவிட்டால் குடும்பம் நாசமாகும்" என்றிருக்கும். இப்போது கார்டு போய்க் கைபேசி வந்துவிட்டது. ஆனால் பத்துப் பேருக்கு அனுப்பும் வேலை மாத்திரம் நிற்கவில்லை.

கோடை பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்புகிறது. "வெயில் கடுமையாயிருப்பதால் டேங்கை நிறைய நிரப்பாதீர்கள், வெடித்துவிடும், பாதி மட்டும் நிரப்புங்கள், தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள்" என்பது செய்தி. சொன்னது யாரென்றால் இந்தியன் ஆயில் கம்பெனியாம்! அந்தக் கம்பெனியோ 2019-ம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் இதை மறுத்து, வண்டி செய்தவர் குறித்த அளவுவரை எந்தக் காலத்திலும் தாராளமாய் நிரப்பலாம் என்று அறிவித்தது. மறுப்பை யார் படிக்கிறார்கள்? பயமுறுத்தும் செய்திக்குக் கால் நாலு. மறுப்புக்குக் கால் இல்லை.

கம்பெனி சொல்லியது என்பதற்காக நாம் நம்ப வேண்டியதில்லை; கணக்குப் போட்டுப் பார்ப்போம். விருதுநகர் வெயில் உச்சத்தில் சுமார் 40 டிகிரி. நெருப்புப் படாமல் சூட்டினால் மாத்திரம் பெட்ரோல் தானாகப் பற்றவேண்டுமானால் சுமார் 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் வண்டி வெடிக்கிறதற்கு முன் நாம் ஒருவரும் இருக்கமாட்டோம்! சரி, சூட்டில் பெட்ரோல் விரிகிறதே என்றால், விரிவது உண்மைதான். பத்து டிகிரிக்கு நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டர் கூடும். டேங்க் செய்கிறவனுக்கு இது தெரியாதா? புத்தகத்தில் போட்ட அளவுக்கு மேலே ஆவிக்கும் விரிவுக்கும் என்று வெற்றிடம் விட்டே செய்கிறான். 35 லிட்டர் என்று அச்சடித்த டேங்கில் கழுத்துவரை ஊற்றினால் 38, 40 கூடப் பிடிப்பதுண்டு. அந்த வெற்றிடத்தையும் நிரப்பிவிட்டு, பங்க்காரன் அளவில் ஏமாற்றினான் என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

நிற்க. சிவகாசிச் சீமைக்காரர்களாகிய உங்களுக்கு இன்னொரு விஷயம் மற்றவர்களைவிடச் சுலபமாய் விளங்கும். கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. எரிய வேண்டிய பிராணவாயு அந்த வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவேதான் மணிமருந்தை எவ்வளவு இறுக்கி அடைத்து வைத்தாலும், உராய்வு பட்டால் வெடிக்கிறது. பெட்ரோல் அப்படியல்ல. அதனுள் எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. அன்றியும் எரிவது பெட்ரோல் திரவமும் அல்ல, அதன் ஆவிதான். அந்த ஆவியும் காற்றும் கலந்த கலவையில், ஆவி நூற்றுக்கு சுமார் 1.4 பங்கு முதல் 7.6 பங்குக்குள் இருந்தால்தான் பற்றும். குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. பெட்ரோல் உள்ள மூடிய டேங்கிலோ, நம்மூர்ச் சூட்டில், ஆவி இந்த அளவையெல்லாம் எப்போதோ தாண்டி நிற்கும், காற்றுக்கு இடமில்லை. எனவே வெடியையும் டேங்கையும் ஒன்றாய் நினைப்பது தப்பு.

இதற்குப் பிரத்தியட்ச அத்தாட்சி வேண்டுமா? இக்காலத்துக் கார்களில் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் மின்சாரப் பம்பை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? டேங்குக்குள்ளேயே, பெட்ரோலுக்குள் முக்கி வைத்திருக்கிறார்கள்! பம்பின் சூட்டைப் பெட்ரோல் வாங்கிக்கொள்கிறது. காற்றில்லாததால் பற்றுவதில்லை. எப்போதும் அடிமட்டத்தில் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களின் பம்பு சூடேறிச் சீக்கிரம் கெடும். பாதி போதும், கால் போதும் என்ற புத்திமதியின் பலன் இதுதான்.

டேங்கின் மற்ற உறுப்புகளும் இப்படி ஒவ்வொரு காரணத்தோடு அமைந்தவை. உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் இருக்கும். வளைவில் பெட்ரோல் ஒரே பக்கம் மோதாமல் இருக்க. பெட்ரோல் செலவாகும்போது காற்று உள்ளே வர ஒரு வால்வு. இல்லாவிட்டால் டேங்க் உள்நோக்கி ஒடுங்கிப் போகும். ஆவி மிகுந்தால் வெளிவிட ஒரு வழி. அந்த ஆவியும் வீணாய்ப் போகாமல் கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் போய்த் தங்கி, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சப்பட்டு எரிகிறது. வண்டி கவிழ்ந்தால் ஒழுகாமல் அடைக்க வேறொரு வால்வு.

பங்க்கில் குழாய் "டக்" என்று தானே நிற்கிறதே, அதையும் கவனியுங்கள். குழாய் முனையில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே காற்று இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் உயர்ந்து துளையை மூடியதும் காற்று நின்று, விசை தட்டிவிடும். அதற்குமேல் "ரவுண்டாய் ஊற்றப்பா" என்று கேட்டால், விரிவுக்கு விட்ட இடம் போய்விடும். கரி டப்பாவிலும் திரவம் புகுந்து அது கெடும். ஆகவே பாதியும் வேண்டாம், கழுத்துமட்டும் வேண்டாம். "டக்" என்றதும் நிறுத்துங்கள்.

அப்படியானால் டேங்கால் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதுவும் மனிதன் செய்யும் தப்பினால் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி பின்டோ என்ற காருக்கு டேங்கைப் பின் அச்சுக்கும் அப்பால், வண்டியின் வால்புறத்தில் வைத்தது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதியதும் டேங்க் நசுங்கிப் பெட்ரோல் சிந்தித் தீப்பற்றிச் சிலர் மாண்டனர். 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துத் தடுப்பு வைத்துக்கொடுக்க நேர்ந்தது. இப்போது பெரும்பாலும் டேங்கைப் பின் அச்சுக்கு முன்னால், பின் ஸீட்டுக்கு அடியில் வைக்கிறார்கள். செத்தவர்கள் தலைவிதியால் செத்தார்களானால், டேங்கை இடம் மாற்றியதும் விதி எப்படி மாறிற்று என்று கேட்கிறோம். 2012-ல் நம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் விதி என்றுதான் பலர் சொன்னார்கள். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நிறைந்த டேங்கைக் கண்டு நடுங்குகிறவர், காலி டேங்கைக் கண்டு பயப்படுவதில்லை. உண்மையில் எமன் என்று ஒருவன் இருந்தால் அவன் உட்கார்ந்திருப்பது காலி டேங்கில்தான். பெட்ரோலைக் கொட்டிவிட்ட டேங்கில் ஆவி மிச்சமிருக்கும், காற்றும் புகுந்திருக்கும், இரண்டும் சரியான அளவில் கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். "காலிதானே, ஓட்டையை அடை" என்று வெல்டிங் பட்டறையில் கொடுக்கிறோம். அடைக்க உட்காருகிறவன் கூலிக்காரப் பையன். நன்றாய்க் கழுவி, ஆவி முற்றும் போயிற்று என்று சோதித்தறியாமல் டேங்கிலோ பீப்பாயிலோ நெருப்பு வைப்பது கொலைக்குச் சமானம். கூலி கொடுக்கிற முதலாளி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைசெய்கிற தோழன், முடியாதென்று மறுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதுபோலவே, வீட்டு மூலையில் பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் வைப்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று பங்குக்குமேல் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப்போகும். தினம் மூடியைத் திறந்து ஆவியை விடச் சொல்லுகிற யோசனையும், அடைபட்டுக் கிடந்த ஆவியைக் காற்றோடு கலக்கவிடும் யோசனைதான்.

தோழர்களே! பயம் கெட்டதென்று நாம் சொல்லவில்லை. காரணம் தெரியாத பயம்தான் கெட்டது. அது காவல் போட வேண்டிய வாசலை விட்டுவிட்டு வேறு வாசலில் காவல் போடுகிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர், டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. பழத்தின் காசுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கலாம். அடுத்த கோடையில் அந்தச் செய்தி கைபேசிக்கு வரும்போது, பத்துப் பேருக்கு அனுப்பாமல், பட்டறைக்காரர் ஒருவருக்கு இந்தக் காலி டேங்க் விஷயத்தைச் சொல்லுவீர்களானால், நாம் இங்கு பேசியதற்கு அதுவே போதும் என்று கூறி முடித்துக்கொள்கிறோம்.