மாப்பிள்ளை உடுப்பு: அன்றும் இன்றும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ஷவ்வால் பிறந்துவிட்டால் கச்சிராயபாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நிக்காஹ்கள் வரிசையாக வரும். கூடவே நம் அறக்கட்டளைக்குக் கடன் விண்ணப்பங்களும் வரும். மாப்பிள்ளைக்கு ஷெர்வானி, தலைப்பாகை, மோதிரம் எடுக்க வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் வந்து நிற்கிறார்கள். "ஷெர்வானி நம் மார்க்க உடுப்பாச்சே, அது இல்லாமல் எப்படி?" என்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

ஷெர்வானிக்கு வயது அதிகமில்லை. 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவிலும் ஹைதராபாத்திலும், பழைய நீண்ட அங்கியும் ஆங்கிலேயரின் கோட்டும் கலந்து உருவான தையல் அது. நவாபுகளும் பிரபுக்களும் அலிகர் கல்லூரி மாணவர்களும் அணிந்தார்கள். கண்ணியமான உடைதான், அணிவதில் தவறில்லை. ஆனால் அது சுன்னத் அல்ல, கடமையும் அல்ல.

நம் பாட்டனார் காலத்து நிக்காஹ் புகைப்படம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெள்ளை வேட்டி அல்லது கைலி, முழுக்கைச் சட்டை, மேலே ஒரு கோட்டு, தலையில் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி, கழுத்தில் மாலை. உர்து பேசும் குடும்பங்களில் முகத்தை மறைக்கும் பூச்சரமாகிய சேராவும் இருக்கும். அந்தத் துருக்கித் தொப்பியை 1829இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தம் அலுவலர்களுக்கு விதித்தார். பிற நாட்டு முஸ்லிம்களும் விரும்பி அணிந்தார்கள். 1925இல் துருக்கி அரசே அதைத் தடை செய்தது. நம் பக்கத்தில் அதற்குப் பிறகும் சில காலம் மாப்பிள்ளைமார் தலையில் இருந்தது, பிறகு மறைந்துவிட்டது. அதனால் யாருடைய நிக்காஹும் குறைந்துபோய்விடவில்லை.

மார்க்கம் உடையின் தையலைச் சொல்லவில்லை, எல்லையைச் சொன்னது. ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் ஆகாது. பெருமையும் வீண்விரயமும் கூடாது. முன்னோர்கள் அந்த எல்லைக்குள் அழகைத் தேடினார்கள். குஜராத் நெசவாளர்கள் 'மஷ்ரூ' என்ற துணியை நெய்தார்கள். வெளிப்புறம் பட்டு மின்னும், உடலில் படும் பக்கம் பருத்தி இருக்கும். ஷரீஅத் அனுமதித்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். அவர்கள் அவ்வளவு பேணினார்கள். நாமோ கடன் வாங்கித் தங்க மோதிரம் போட்டு மாப்பிள்ளையை நிக்காஹ் மஜ்லிஸில் உட்கார வைக்கிறோம்!

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் வருகிறது. மணம் முடிக்க விரும்பிய ஓர் ஏழைத் தோழரிடம், மஹராகக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தேடிப் பார்த்தும் இரும்பு மோதிரம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த ஒரே ஆடைதான் இருந்தது. அவருக்குத் தெரிந்த குர்ஆன் சூராக்களைக் கொண்டே நபியவர்கள் நிக்காஹ் செய்து வைத்தார்கள். அந்த மாப்பிள்ளையின் உடுப்பு அவ்வளவுதான்.

ஆகவே ஜமாஅத்தாரிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று, மாப்பிள்ளை உடுப்பை மாப்பிள்ளை வீட்டாரே தங்கள் வசதிக்கேற்ப எடுக்கட்டும். பெண் வீட்டார் தலையில் அதைச் சுமத்த வேண்டாம்.

இரண்டு, தங்க மோதிரப் பேச்சே வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கையில் வசதி இருந்தால் மஹரைக் கூட்டிக் கொடுக்கட்டும்.

மூன்று, ஒரே நாள் போட்டுவிட்டு பீரோவில் மடித்து வைத்திருக்கும் ஷெர்வானிகளை அறக்கட்டளைக்குத் தாருங்கள். சலவை செய்து, அளவு பார்த்து, கேட்கும் பிள்ளைகளுக்கு வாடகையின்றிக் கொடுப்போம். யார் வாங்கிச் சென்றார் என்பது அலுவலகத்தைத் தாண்டாது.

நம் வட்டியில்லாக் கடன் நிதி உங்கள் அமானத். அது ஒரு நோயாளியின் மருந்துக்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்வாழ்வில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.