சைக்கிள் ஓட்டும் பிள்ளையும் கூடின பவர் கண்ணாடியும்

(தோட்ட இளைஞர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் கதைக்க வந்தது மூக்குக்கண்ணாடியைப் பற்றி. "இதுல கதைக்க என்ன சார் இருக்கு? டொக்டர் துண்டு எழுதித் தாறாரு, கடையில குடுத்து வாங்கிப் போடுறோம்" என்று நீங்கள் கேட்கலாம். பவர் கொஞ்சமாக இருந்தால் அது சரிதான். ஆனால் மைனஸ் 5, 6, 8 என்று பவர் கூடின பிள்ளை சைக்கிளில் ஏறுகிறபோது விசயம் வேறு.

நம்ம பிள்ளைகள் சிலர் என்ன செய்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் கண்ணாடி போடுகிறார்கள். சைக்கிளை எடுத்ததும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "வழுக்கி விழுது", "பனி மூடுது", "உடைஞ்சா அப்பா ஏசுவாரு" என்று காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணங்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவை உண்மையான கஷ்டங்கள். ஆனால் கழற்றி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

மைனஸ் 6 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் தூரம் மட்டும். மைனஸ் 8 என்றால் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். ஒரு சாண்கூட இல்லை! அதற்கு அப்பால் எல்லாமே மங்கல். இறக்கத்தில் சைக்கிள் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போனால், ஒரு செக்கனுக்கு ஐந்தரை மீற்றர் ஓடும். வளைவில் கொழுந்து லொறி வருகிறது, ரோட்டில் குழி இருக்கிறது, ஒரு கிழவி விறகுக் கட்டோடு நடந்து போகிறார். அந்தப் பிள்ளைக்கு இவை எல்லாம் வெறும் நிறங்கள்தான். பிரேக் பிடிக்கிற நேரம் பிந்திப் போய்விடும்.

ஆகவே கழற்றாமல் போடக்கூடிய கண்ணாடியாகப் பார்த்து எடுக்க வேண்டும். கடைக்குப் போனதும் முதல் வார்த்தையாக, "இந்தப் புள்ள சைக்கிள் ஓட்டுறான்" என்று சொல்லுங்கள். நாங்கள் சொன்னால்தான் கடைக்காரருக்குத் தெரியும்.

முதலில் வில்லையைப் பார்ப்போம். பழைய முறைக் கண்ணாடி வில்லை பாரம். விழுந்தால் சில்லுச் சில்லாக உடையும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் வில்லை பாரம் குறைவு, விலையும் குறைவு, ஆனால் கூடின பவருக்கு ஓரம் தடிப்பாக வரும். பொலிகார்பனேட் என்று ஒரு வகை இருக்கிறது. கல் தெறித்தாலும் விழுந்தாலும் இலேசில் உடையாது. சாதாரண பிளாஸ்டிக்கை விட மெல்லியது. கீறல் மட்டும் சீக்கிரம் விழும், ஆகவே கீறல் தாங்கும் பூச்சோடு எடுக்க வேண்டும். 1.67, 1.74 என்று நம்பர் சொல்லி இன்னும் மெல்லிய வில்லைகளும் காட்டுவார்கள். நம்பர் கூடக் கூட வில்லை மெலியும், விலை ஏறும். ஆனால் அடி தாங்குவதில் பொலிகார்பனேட்டுக்கு அவை ஈடில்லை. சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்குப் பொலிகார்பனேட்டையே முதலில் கேளுங்கள்.

அடுத்தது பிரேம். காசைப் பிரேமின் பெயருக்குக் கொடுக்காதீர்கள், வில்லைக்குக் கொடுங்கள். மைனஸ் பவரில் வில்லையின் ஓரம்தான் தடிப்பு. ஆகவே பிரேம் அகலமாக அகலமாகத் தடிப்பும் பாரமும் கூடும். மிகவும் சின்னதாக எடுத்தால் காற்றும் தூசியும் பூச்சியும் கண்ணில் அடிக்கும். நடுத்தர அளவே நல்லது. போட்டுப் பார்க்கும்போது கருமணி ஒவ்வொரு வட்டத்துக்கும் ஏறக்குறைய நடுவில் வர வேண்டும்.

சைக்கிளில் குனிந்துதான் ஓட்டுகிறோம். தலை குனிய, கண் மேலே பார்க்கும். அப்போது பார்வை வில்லையின் மேல் பக்கத்தால் போகும். பிரேம் தாழ்ந்து உட்கார்ந்தால், ரோட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் பிரேமின் விளிம்பு மறைக்கும். ஆகவே மேல் விளிம்பு புருவத்துக்குக் கிட்ட வருகிற பிரேமாக எடுங்கள். கடையிலேயே பிள்ளையைச் சைக்கிள் ஓட்டுகிற மாதிரிக் குனியச் சொல்லிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹெல்மட் இருந்தால் அதையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

வழுக்குவது சின்ன விசயம் அல்ல. கூடின பவர்க் கண்ணாடி மூக்கில் கொஞ்சம் கீழே இறங்கி, கண்ணை விட்டுத் தள்ளிப் போனாலே மைனஸ் பவரின் வேலை குறைந்துவிடும், பார்வை மங்கும். மூக்கில் படுகிற இடத்தில் மெதுவான சிலிக்கன் பட்டை இருக்கட்டும். காதுக்குப் பின்னால் வளைவு சரியாகப் பிடிக்கட்டும். இதைக் கடையில் சூடு காட்டி வளைத்துத் தருவார்கள். வாங்கின பிறகு தளர்ந்தாலும் திரும்பக் கொண்டுபோய்க் கேட்கலாம். தலைக்குப் பின்னால் போடுகிற ரப்பர் பட்டி ஒன்றும் வாங்கிக் கொள்ளுங்கள். சின்னச் செலவுதான், பெரிய உதவி.

இனி தம்பிமார் ஆசைப்படுகிற விசயத்துக்கு வருவோம். டீவியில் சைக்கிள் போட்டிக்காரர்கள் முகத்தைச் சுற்றி வளைந்த கறுப்புக் கண்ணாடி போடுகிறார்கள். அந்த வளைவுக்குள் கூடின பவரை வைத்தால் பக்கப் பார்வை வளைந்து நெளிந்து தெரியும், தலை சுற்றும். மிகக் கூடின பவரைச் சில பிரேம்களில் வைக்கவே முடியாது. அதற்காகப் பவர் வில்லையை உள்ளே தனியாகப் பொருத்துகிற வகையும் உண்டு. ஆனால் இரண்டு அடுக்கு என்பதால் பனி கூடப் பிடிக்கும், செலவும் கூடும். காற்றும் தூசியும்தான் பிரச்சினை என்றால், கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய வெள்ளை நிறப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். வேர்க்‌ஷொப்பில் வேலை செய்கிறவர்கள் போடுகிறது அதுதான்.

கறுப்பு வில்லை நம்ம மலைநாட்டுக்குப் பொருத்தம் இல்லை. நல்ல வெயிலில் ஓட்டிக்கொண்டு போவோம், அடுத்த வளைவில் மூடுபனி இருக்கும். ரம்பொடை சுரங்கப் பாதை மாதிரி இடத்தில் நுழைந்தால் ஒரேயடியாக இருட்டு. வெயிலில் தானாகவே கறுக்கிற வில்லையும் உண்டு. அது குளிரில் வெளுக்க இன்னும் நேரம் எடுக்கும். ஆகவே வெள்ளை வில்லையில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையைக் கேளுங்கள். பொலிகார்பனேட்டில் அந்தக் குணம் இயல்பாகவே இருக்கிறது.

பனி மூடினால் ஓடிக்கொண்டே கழற்றித் துடைக்கக் கூடாது. ஓரமாக நிறுத்துங்கள். தூசி படிந்த வில்லையைச் சேலைத் தலைப்பாலோ சட்டையாலோ காய்ந்தபடி துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். தண்ணீரில் அலசி, ஒரு துளி சவர்க்காரம் தடவிக் கழுவி, பருத்தித் துணியால் ஒத்தி எடுங்கள்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கவும் என்று இரண்டு பவர் வைத்த கண்ணாடியோடு சைக்கிள் ஓட்டினால், சில்லுக்கு முன்னால் உள்ள நிலம் கீழ்ப் பகுதியால் மங்கித் தெரியும். ஓட்டுவதற்குத் தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக இருப்பது நல்லது.

தாய்மார்களே, "கண்ணாடி போட்டா பவர் கூடும்" என்று லயத்தில் கதைப்பார்கள். அது பிழை. பிள்ளை வளரும்போது கண்ணும் நீளமாவதால்தான் பவர் கூடுகிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைப் பரிசோதியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வைக் குறை என்று துண்டு கொடுத்தால் அதைப் பெட்டிக்குள் வைக்காமல் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசு இல்லை. பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கல்யாணம் தடைப்படும் என்று மறைக்கவும் வேண்டாம். பார்வை இல்லாமல் ரோட்டில் போகிற ஆபத்தை யோசியுங்கள்.

கடைசியாக முக்கியமான ஒன்று. மைனஸ் 6க்கு மேல் பவர் உள்ளவர்களின் கண் உள்ளே இருக்கும் விழித்திரை மெல்லியதாக இழுபட்டிருக்கும். சைக்கிளில் விழுந்து தலையிலோ கண்ணிலோ அடிபட்ட பிறகு, அல்லது அடிபடாமலே, திடீரென்று மின்னல் மாதிரி வெளிச்சம் தெரிந்தால், கறுப்புப் புள்ளிகள் நிறைய மிதந்தால், ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். வலி இருக்காது. வலி இல்லை என்பதால் சும்மா விடக் கூடாது. அன்றைக்கே கண் வைத்தியர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் சொன்னால் அனுப்புவதற்கு ஒழுங்கு செய்வார்கள். நேரத்தோடு போனால் பார்வையைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

தகப்பன்மார்களே, கண்ணாடி உடைந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் அவன் அதைப் பைக்குள் வைக்கிறான். உடைந்த கண்ணாடிக்கு வேறு வாங்கலாம், கண்ணுக்கு வேறு வாங்க முடியாது.