குடுமியான்மலை: பெயர் எழுதாத அரசனும் பெயர் எழுதிய நாச்சியும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

அரண்மனை காணச் செல்வோர் மதிலையும் மாளிகையையும் பூஞ்சோலையையும் தேடுவர். புதுக்கோட்டையில் இராசகோபாலத் தொண்டைமான் காலத்து அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 1948 மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. மன்னர்க்குரிய வளாகத்தில் இப்பொழுது குடிமக்கள் மனுவோடு காத்து நிற்கின்றனர். இது காலத்தின் நல்ல மாற்றமே.

ஆயினும் தொண்டைமான்களின் வரலாற்றைத் தேடுவோர் மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். திருநலக்குன்றம் எனப் பழங்காலத்தில் வழங்கிய குடுமியான்மலையில்தான் 1730இல் விசயரகுநாதராயத் தொண்டைமான் முடிசூடினார். அரசர் முடிசூடிய அவ்வூரில் இன்று நிலைத்து நிற்பது இறைவனின் மாளிகை. தூணுக்குத் தூண் சிற்பம் விளங்கும் மண்டபங்களைக் கடந்தால் சிகாநாதர் சந்நிதி.

இங்குள்ள பூவின் கதையை ஊரார் அனைவரும் அறிவர். இறைவனுக்குரிய மாலையை அருச்சகர் தம் காதலிக்குச் சூட்டினார். அதே மாலை பிரசாதமாக அரசன் கைக்கு வந்தது. அதில் ஒரு மயிரிழை! அஞ்சிய அருச்சகர், இறைவனுக்கே குடுமி உண்டென்றார். அடியவரைக் காக்க இலிங்கத்தில் குடுமி முளைத்ததாம். அரசனின் சினத்தினும் எளியவனின் அச்சம் இறைவனுக்குப் பெரிதாயிற்று என்பதே இக்கதையின் உட்பொருள்.

சந்நிதிக்கு அருகே, மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில் இருக்கிறது புகழ்பெற்ற இசைக்கல்வெட்டு. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினது. பல்லவக் கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நந்நான்கு சுரங்கள் சேர்த்துச் செதுக்கப்பட்டுள்ளது. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என உயிர் மாறி வருவதன் நுட்பத்தை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். உருத்திராசாரியரின் மாணவனும் சிவபத்தனுமான ஓர் அரசன் இதனை ஆக்கினான் என்று கல் கூறுகிறது. அவன் பெயரை மட்டும் கூறவில்லை. மகேந்திரவர்மன் என்றனர் சிலர். மறுத்தனர் வேறு சிலர். நாடாண்டவன் ஆசிரியரின் பெயரைப் பொறித்துத் தன் பெயரை விடுத்தான். மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

இதே திருக்கோயிலில் இன்னொரு பெயர் உண்டு. தேவரடியாரான உமையாள்வி நாச்சி, பாண்டியர் காலத்தில், மலையமங்கை அம்மனுக்குத் தனிச் சந்நிதி எடுப்பித்தார். துர்க்கையாண்டாரின் மகள் என்னும் குறிப்போடு அவர் பெயர் கல்லில் நிற்கிறது. முடியும் படையும் இல்லாத ஒரு பெண். அப்பெயர் பொறிக்கப்படாதிருந்தால், அச்சந்நிதியும் ஏதேனும் ஓர் அரசனின் கணக்கில் சேர்ந்திருக்கும் அன்றோ?

இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் தகும். பெயர் விடுத்த அரசனின் அடக்கம் போற்றத்தக்கது. ஆனால் அவனுக்கு இழப்பு சிறிது. நாச்சிக்கோ பெயரே முழு உடைமை. ஆகவே, அடக்கம் என்னும் அறத்தை வலியவரிடம் எதிர்பார்க்கலாம். எளியவரிடம் அதனை வற்புறுத்துதல் ஆகாது.

பத்தாண்டு மலர் ஒன்றும் ஒருவகைக் கல்வெட்டே. மேடையேறியவர்களின் பெயர்கள் எவ்வாறும் நிலைக்கும். அரங்கின் பின்வரிசையில் அமர்ந்து, ஒரே ஒரு கவிதை படித்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க விரைந்த சிற்றூர்ப் பெண்ணின் பெயர் இதில் உண்டா என்பதே கேள்வி. அப்பெயரைத் தேடி எழுதுவோர் எவரோ, அவரே குடுமியான்மலையை உண்மையில் கண்டவர்.