கடன் யாருடையது?

தமிழ்நாட்டிலிருந்து இவ்வாண்டு வந்திறங்கி இம்மண்டபத்தின் பின்வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் தாதிப் பிள்ளைகளே!

ஜேர்மனியில் தாதிமாருக்குப் பஞ்சம், ஆகையால் படித்து முடித்த பிள்ளைக்கு இனிக் கவலையே இல்லை என்று ஊரிலே ஒரு பிரசாரம் நடக்கிறது. அதன் முற்பாதி சத்தியம். 2049ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு 2,80,000 முதல் 6,90,000 வரை தாதிமார் குறைவுபடக்கூடும் என்று இந்நாட்டுப் புள்ளிவிவரத் திணைக்களமே 2024 தொடக்கத்தில் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. பிற்பாதி பச்சைப் பொய் என்று சொல்லவே இந்த மேடை ஏறினேன். ஆள் வேண்டும் என்பது ஜேர்மனியின் அவசியம். அந்த அவசியத்துக்கான செலவை, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் மனைவியின் சங்கிலியை அடகுவைத்துக் கட்டுகிறார் என்றால், இது எந்தத் தேசத்து நியாயம்?

சென்ற மாதம் ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். நான்கு வருஷம் நர்சிங் படித்துப் பட்டம் பெற்றவள், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில், விடியுமுன் தொடங்கி ஒவ்வொரு முதியவராக எழுப்பி, மேல் துடைத்து, காலுறை மாட்டி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவி ஊட்டுகிறாள். அவ்வேலையை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. இந்நாட்டில் அதுவும் தாதியின் தர்மமே, அதை அவள் மனமுவந்துதான் செய்கிறாள். என் நெஞ்சைச் சுட்டது அவள் கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒப்பந்தம். மூன்று வருஷத்துக்குள் விலகினால் மொழிப்படிப்பு, விமானச்சீட்டு, விசா ஆகிய அத்தனை செலவையும் அவளே திருப்பிக் கட்ட வேண்டுமாம். பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கக்கூடாது என்று இந்திய விதி இருக்க, ஊரில் மூன்று லட்சம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரே பிரயாணத்துக்கு இரண்டு கடன்! தகுதி அங்கீகாரம் கைக்கு வரும்வரை அவள் வெறும் உதவியாள்தான். முதியோர் பராமரிப்பில் 2025 ஜூலை நிலவரப்படி உதவியாளுக்கு மணிக்குக் குறைந்தது 16.10 யூரோ, தேர்ந்த தாதிக்கு 20.50 யூரோ, அங்கீகாரத்துக்கு வேண்டிய பி2 ஜேர்மன் மொழித்தேர்வு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அந்த வித்தியாசம் அவள் குடும்பத்தின் நட்டம்.

ஏன் வந்தாள் என்று கேட்பீர்கள். சிறிய தனியார் ஆஸ்பத்திரியிலும் தாதிக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இலேயே சிபாரிசு செய்தது. அது கைக்கு வந்ததா என்று பின்வரிசையைக் கேளுங்கள்.

வேறு வழி இல்லாமலில்லை. 2013 முதல் இந்நாட்டு அரசு நடத்தும் ‘ட்ரிப்பிள் வின்’ திட்டத்தில் தாதியிடம் தரகுக் கூலி வாங்குவதில்லை, ஆள் கேட்கும் நிறுவனமே செலவைச் சுமக்கிறது. கேரளம் 2021 டிசம்பரில் அதில் சேர்ந்துகொண்டது. சிலருக்குச் சாத்தியமான நியாயம் எல்லாருக்கும் ஏன் சாத்தியமாகாது?

இந்நாட்டின் ஞாபகமறதியையும் சொல்ல வேண்டும். 1960களில் கேரளத்திலும் தென்கொரியாவிலும் இருந்து பெண்களை அழைத்து நோயாளிகளை ஒப்படைத்தவர்கள், 1970களின் பிற்பகுதியில் பொருளாதாரம் தளர்ந்தபோது, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். கொரியத் தாதிமார் பணிந்து போகவில்லை. நாங்கள் சந்தைச் சரக்கல்ல என்று வீதிக்கு வந்து, ஜேர்மானியரிடமே ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டி, இங்கே வாழும் உரிமையைப் பெற்றார்கள்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, ஒரு சொல் ஜேர்மன் அறியாமல் அலுவலகப் படிகளில் நின்ற நாம், 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தோம். அந்தச் சமூகத்துக்கு, ஒரு பிள்ளையின் ஒப்பந்தத்தை அவள் கையெழுத்திடுமுன் வாசித்துச் சொல்ல நேரமில்லையா? வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஜேர்மன் நன்கு அறிந்த நம் பிள்ளைகள் நால்வர் அங்கே இருப்பார்கள். பின்வரிசைப் பிள்ளைகளே, தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊரில் இன்னும் கையெழுத்திடாமல் இருக்கும் தோழிகளுக்கு இன்றிரவே அழைத்துச் சொல்லுங்கள்.